சென்னைக்கு மேற்கே: மூணு ஆறு, ஒரு ரோடு, ஒரு ரயில்

ஆஸ்திரேலியாவில் விக்டோரியான்னு ஒரு மாநிலம். மெல்போர்ன் அதோட தலைநகரம். அந்த மாநிலத்தின் சுற்றுலா வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். ஊர் ஊராகப் புள்ளி வைக்காமல் பகுதி பகுதியாகப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. தங்க வயல் பகுதி, திராட்சைத் தோட்டப் பகுதி, கடலோரச் சாலை, பனிமலை என்று ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், ஒரு கதை. 1851ல் தங்கம் கிடைத்த பல்லாரட்டில், அந்தக் காலத்துக் கடைத்தெருவை அப்படியே திரும்பக் கட்டி 1970ல் திறந்து, டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. கடலோரச் சாலை, முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் 1919ல் ஆரம்பித்து 1932ல் முடித்தது. அதுவே ஒரு நினைவுச்சின்னம்.

பொறாமையா இருக்குல்ல? எனக்கும்தான். அதே மாதிரி நம்ம பக்கத்துக்கு ஒரு மேப் போட்டால் என்ன என்று யோசித்ததன் விளைவு இந்தப் பதிவு. நடுவில் குண்டூசி குத்த ஒரு இடம் வேணுமே? சென்னீர்குப்பம்.

சென்னீர்குப்பம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி போகிற ரோட்டில் இருக்கிறது. குப்பம்னதும் கடலும் கட்டுமரமும் தேடாதீங்க, சின்னக் குடியிருப்புக்கும் குப்பம்னுதான் பேரு. "அங்க பாக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டால் "ஒண்ணுமில்ல சார், டிராஃபிக் தான்"னு பதில் வரும். காஞ்சிபுரம் போகிற டூரிஸ்ட் பஸ்ஸும் இந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் கடக்கும்.

இப்ப ஒரு கணக்கு. 1639ல் கம்பெனிக்காரர்களுக்கு நிலம் எழுதிக்கொடுத்ததிலிருந்து எண்ணினால் சென்னைக்கு 2024ல் 385 வயசு. இந்தப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஒரு வகைக் கற்கருவிகளுக்கு வயசு சுமார் 3,85,000. மூணு சைபர் அதிகம், அவ்வளவுதான் :)

அதனால்தான் "சென்னையின் மேற்குப் புறநகர்"னு யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வயசுப்படி பார்த்தால் சென்னைதான் இந்தப் பக்கத்துக்குக் கடலோரப் புறநகர்!

பழைய மேப்

பகுதி பிரிப்பது ஆஸ்திரேலியாக்காரன் கண்டுபிடிப்பு கிடையாது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டமாகவும், கோட்டத்தை நாடாகவும், நாட்டை ஊராகவும் பிரித்திருந்தார்கள். ராஜராஜ சோழன் மண்டலத்தின் பேரை ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்று மாற்றினான், ஆனால் கோட்டங்கள் அப்படியே தொடர்ந்தன. கல்வெட்டுகளில் விலாசம் எழுதும் முறையே அதுதான்: இன்ன மண்டலத்து, இன்ன கோட்டத்து, இன்ன நாட்டு, இன்ன ஊர். பின்கோடு மட்டும்தான் பாக்கி.

நம்ம பக்கத்தில் முக்கியமானவை புழல் கோட்டம், புலியூர்க் கோட்டம். புழல்னா இன்னிக்கு ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகம் வரும். புலியூர் கோடம்பாக்கத்துக்குள் கரைந்துபோய் ஒரு தெருப்பெயர் அளவுக்கு மிச்சமிருக்கிறது. மாங்காடும் குன்றத்தூரும் புலியூர்க் கோட்டத்துக்குள் தனித்தனி நாடுகள். நாடு!

கோட்டங்கள் போய்விட்டன. ஆறுகள் போகவில்லை. வடக்கே கொசஸ்தலை, நடுவில் கூவம், தெற்கே அடையாறு. அதனால் ஆற்றை வைத்தே மேப் போடுகிறேன்.

1. கொசஸ்தலை: கல்

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளம் புவியியலாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். சும்மா கிடந்த கல் இல்லை, மனுஷன் கையால் செதுக்கியது. டார்வின் புத்தகம் வெளிவந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கற்களை 'ஆதி மனிதன் செய்தது'ன்னு அறிஞர்கள் ஒத்துக்கொள்ள ஆரம்பித்திருந்த நேரம். இந்தியாவின் பழைய கற்காலம் பல்லாவரத்தில் தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த ஒரு கல்லை வைத்துத்தான்.

பல்லாவரம் அடையாற்றுப் பக்கம். ஆனால் ஃபூட் அங்கேயே நிற்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் நண்பர் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போய் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். பூண்டி ஏரியைத் தாண்டிய ஒரு ஓடைக்கரை கிராமம் அது. இங்கே கிடைத்த கைக்கோடரிகளின் புகழால் 'மெட்ராஸ் கைக்கோடரி' என்ற பெயரே உலகத்துத் தொல்லியல் புத்தகங்களில் ஏறியது. அவர் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே ஆழமாகத் தோண்டியது. 2011ல் முதல் முடிவு: அடி மண்ணில் கிடைத்த கைக்கோடரிகளின் வயசு குறைந்தபட்சம் 10 லட்சம் வருஷம், சராசரியாக 15 லட்சம். 2018ல் அடுத்தது: அதற்கு மேல் அடுக்கில், கல்லை முன்கூட்டியே திட்டமிட்டுத் தயார்செய்து அதிலிருந்து சில்லு எடுக்கும் நுட்பம் சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. இந்த நுட்பம் இந்தியாவுக்கு ரொம்பப் பிற்பாடு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களோடு வந்தது என்பது அதுவரை பலரின் கருத்து. அந்தக் கருத்தை ஆட்டி வைத்தது நம்ம திருவள்ளூர் மாவட்டத்து ஓடைக்கரை.

பக்கத்திலேயே அல்லிக்குழி மலைக்காட்டுக்குள் குடியம் குகைகள். மழை வந்தால் ஒதுங்க பெரிய பாறைக்கூரை, கீழே ஆற்றில் தண்ணீர், கருவி செய்ய வேண்டிய குவார்ட்சைட் கல் காலடியில். வாடகை இல்லாமல் இதைவிட நல்ல வீடு கிடைக்காது. காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்கணும், தனியா போகாதீங்க. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கு, முதல்ல அதைப் பாத்துட்டுப் போனால் காலடியில் கிடப்பது கல்லா கருவியான்னு கொஞ்சம் புரியும். பார்க்கலாம், எடுத்துக்கிட்டு வரக்கூடாது!

2. கூவம்: பாட்டு

கூவம்னதும் மூக்கைப் பிடிப்பீங்க. சென்னீர்குப்பத்துக்கு மேற்கே போகப் போக அது வேற ஆறு. கூவம் என்று ஒரு ஊரே இருக்கு, ஆற்றுக்குப் பேர் வந்தது அதிலிருந்துதான். அந்த ஊர்க் கோயில்தான் தேவாரத்தில் வரும் திருவிற்கோலம். கீழே வந்தால் திருவேற்காடு. கருமாரியம்மனால் இன்று ஊர் புகழ் பெற்றிருந்தாலும், பழைய கோயில் வேதபுரீசுவரர். சம்பந்தர் பாடிய தலம்.

திருவேற்காட்டுக்கு இன்னொரு பெருமை மூர்க்க நாயனார். 63 பேரில் இவர் தனி ரகம். அடியாருக்குச் சோறு போட்டுப் போட்டு சொத்தெல்லாம் தீர்ந்ததும், தெரிந்த ஒரே தொழிலான சூதாட்டத்தில் இறங்கினார். ஜெயித்த காசெல்லாம் சாப்பாட்டுக்கு. ஏமாற்றுகிறவனைக் கத்தியால் குத்துவார், அதனால்தான் மூர்க்கர். இவரையும் நாயனார் வரிசையில் ஏற்றுக்கொண்ட மனசு பெரிய மனசு.

இந்தக் கதையை எழுதிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், அதாவது பக்கத்து ஊர். அவர் சொல்லும் ஒரு குறிப்பு முக்கியம். திருவேற்காட்டை அவர் பாலியாற்றின் வடகரையில் வைக்கிறார். பாலின்னா பாலாறு. இன்னிக்குப் பாலாறு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓடி சதுரங்கப்பட்டினம் பக்கம் கடலில் சேர்கிறது. திருவேற்காட்டில் ஏது பாலாறு?

பாலாறு ஒரு காலத்தில் வடகிழக்காகத் திரும்பி இந்தப் பக்கமாக ஓடியது, பிறகு தெற்கே விலகியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். கொசஸ்தலைக்கு விருத்தக்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்று ஒரு பேரே உண்டு. ஆறு விலகி எவ்வளவு காலம் ஆகியும், உள்ளூர்க்காரர் ஒருத்தர் எழுத்தில் அதன் பேர் தங்கியிருக்கிறது பாருங்க. ஆறு நகர்ந்தாலும் பேர் நகரலை.

கூவத்துக்கு வடக்கே திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, கொடியை வாளால் வெட்டியபோது லிங்கம் தெரிந்தது என்பது தலபுராணம். சன்னதிக்கு முன்னால் நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களை அவசியம் பாருங்க. சுந்தரர் பாடிய ஊர். இன்னும் கிழக்கே போனால் பாடி, சம்பந்தர் பாடிய திருவலிதாயம். பாடி மேம்பாலத்தில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

3. அடையாறு: ஏரி

குன்றத்தூர் மலைமேல் ஏறினால், மேற்கே கடல் மாதிரி ஒரு தண்ணீர்ப்பரப்பு. செம்பரம்பாக்கம். கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, முழு ஆழம் 24 அடி. பார்க்கும்போது இயற்கை ஏரி என்றுதான் தோன்றும். கரை முழுக்க மனுஷன் போட்டது.

தொண்டை மண்டலமே இப்படித்தான். வற்றாத ஆறு கிடையாது. வருஷத்தில் மூணு மாசம் கொட்டும் மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. ஒரு ஏரி நிரம்பினால் உபரி அடுத்த ஏரிக்கு, அங்கேயிருந்து அதற்கடுத்ததற்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி இன்ஜினியர் செங்கல்பட்டு ஜாகிரில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடு எத்தனை, நிலம் எத்தனை, ஏரி எத்தனை, விளைச்சலில் கோயிலுக்கும் குயவருக்கும் காவல்காரருக்கும் எவ்வளவு பங்கு என்று எல்லாமே அதில் உண்டு. வெள்ளைக்காரன் வந்தபோது இது காடாக இருக்கவில்லை என்பதற்கு வெள்ளைக்காரன் கணக்கே சாட்சி.

விக்டோரியாவுக்கு ஒரு நிமிஷம் திரும்பலாம். அங்கே பட்ஜ் பிம் என்று ஒரு இடம். எரிமலைக் கல்லில் வாய்க்கால் வெட்டி, மடை கட்டி, விலாங்கு மீன் வளர்த்தார்கள் குண்டிட்ஜ்மாரா பழங்குடி மக்கள். 6,600 வருஷப் பழசு. 2019ல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்ணீரை மடக்கி வைத்த அறிவும் ஒரு நினைவுச்சின்னம்தான் என்று உலகம் ஒத்துக்கொண்ட தருணம் அது. நம்ம ஊர் ஏரிகளுக்கு நாமே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தில் கோயில்களுக்கும் குறைவில்லை. குன்றத்தூரில் சேக்கிழார் கட்டிய திருநாகேசுவரம் இருக்கு. கும்பகோணம் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மேல் இருந்த ஆசையில் சொந்த ஊரிலேயே ஒன்று கட்டிக்கொண்டார் சோழனின் அமைச்சர். மாங்காட்டில் ஒற்றைக்காலில் தவம் செய்யும் காமாட்சி. இன்னும் தெற்கே மணிமங்கலம். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் இந்தப் பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லும் அதே மணிமங்கலம். இப்போது போனால் அமைதியான கிராமம், யானை முதுகு வடிவ விமானத்தோடு தர்மேசுவரர் கோயில், சுவர்களில் சோழர் கல்வெட்டு.

4. ரோடு: பக்தியும் படையும்

ஆறுகள் கிழக்கு மேற்காக ஓட, அவற்றுக்கு நடுவே ஒரு ரோடு. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. எத்தனை சாவடி பாருங்க! நடந்து போனவர்கள் தங்கிய இடங்கள் என்று பேரே சொல்கிறது.

பதினோராம் நூற்றாண்டில் இந்த வழியில் நடந்த ஒருத்தர் திருக்கச்சி நம்பி. பிறந்தது பூந்தமல்லி, அதாவது பூவிருந்தவல்லி. இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய், விசிறி வீசி நின்றவர். அவரிடம் வரதர் பேசுவார் என்பது நம்பிக்கை. அதே ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர். 1017ல் அங்கே பிறந்த ராமானுஜர், தன் சந்தேகங்களுக்கு வரதரிடம் பதில் வாங்கித் தரச்சொன்னது அந்தணர் அல்லாத இந்த நம்பியைத்தான். நம்பி சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட ராமானுஜர் ஆசைப்பட்ட கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் திருமழிசை. சிஷ்யன் கணிகண்ணனை ராஜா ஊரைவிட்டுத் துரத்தியதும் தானும் கிளம்பி, காஞ்சிப் பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வைத்த ஆழ்வாரின் ஊர். ஒரே ரோட்டில் இத்தனை பேர், எல்லாருமே ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகாதவர்கள்!

பிறகு படைகள் வந்தன. இதே ரோட்டின் அந்தக் கோடியில், காஞ்சிக்கு அருகே புள்ளலூர். மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் இடம். அதே ஊரில் 1780 செப்டம்பர் 10ல் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை ஒழித்துக்கட்டினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சில மைல் தூரத்தில் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வரவில்லை. பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்குத் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகைச் சுவரில் இந்தச் சண்டை ஓவியமாக இருக்கிறது. புள்ளலூரில் செத்துப்போன அதிகாரிகளுக்கு வைத்த தூண்கள் வயலுக்கு நடுவில் நிற்கின்றன. பூந்தமல்லியில் கம்பெனிக்காரர்கள் ராணுவ முகாம் வைத்திருந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய சோல்ஜர்களும் காய்ச்சலில் விழுந்தவர்களும் தங்கிய இடம்.

1991 மே 21ம் இந்த ரோட்டுக் கதையில்தான் வரும். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் நினைவிடம் இருக்கிறது.

5. ரயில்: ஆலை

1837ல், பம்பாய் ரயிலுக்கு 16 வருஷம் முன்னாடியே, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்ற ஒரு தண்டவாளம் போட்டார்கள். ரோடு போடக் கல் வேண்டும், கல் கொண்டுவர ரயில் வேண்டும்! 1856 ஜூலை 1ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கமாகக் கிளம்பியதும் அம்பத்தூர், ஆவடிப் பாதையில்தான்.

தண்டவாளம் இருந்தால் ஆலை வரும். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். நம்மில் பாதிப்பேர் குரங்குப்பெடல் போட்ட ஹெர்குலிஸ் இங்கே பிறந்தது. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு, 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்ற தீர்மானம். 1961ல் அதே ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, 1965ல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட். பிறகு வேலை திரும்பவும் ரோட்டுக்கு நகர்ந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார், 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2014ல் நோக்கியா மூடல். அந்தப் பெண் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஓடிய கம்பெனி பஸ்களும் ஒருநாள் வரலாறுதான்.

சரி, எதுக்கு இத்தனை கதை?

பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லைங்க. 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அன்றைக்குத்தான் நிறையப் பேர், செம்பரம்பாக்கம் எங்கே இருக்கு, அடையாறு எங்கிருந்து வருதுன்னு மேப்பைத் திறந்து பார்த்தார்கள். ஏரி ஆயிரம் வருஷம் தெரிந்த ஒன்றை நகரம் ஒரு ராத்திரியில் படித்தது. பாடம் படிக்கக் கொடுத்த விலை அதிகம்.

ஊர்ப் பேரில் தாங்கல் என்று இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும் என்று அர்த்தம். அய்யப்பன்தாங்கலில் வீடு தேடுகிறவர் புரோக்கரைக் கேட்பதற்கு முன்னால் பேரைக் கேட்கலாம். கோயில் திருப்பணி என்று மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்தால், கல்வெட்டில் இருக்கும் வாய்க்காலும் மதகும் எல்லைக்கல்லும் சேர்ந்தே அழிகின்றன. அவை சாமி சமாச்சாரம் மட்டும் இல்லை, எந்த நிலம் யாருடையது, எந்தத் தண்ணீர் எந்த வழியில் போகணும் என்ற ஆவணம். பேர் இல்லாத இடத்தை அழிப்பது சுலபம். பகுதி பிரித்துப் பேர் வைக்கிற ஆஸ்திரேலியாக்காரனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு என் பட்டியல்:

முதல் ஞாயிறு: திருவேற்காடு, திருமுல்லைவாயில், பாடி. அரை நாள் போதும்.

இரண்டாம் ஞாயிறு: மாங்காடு, குன்றத்தூர் மலை, மேலேயிருந்து ஏரி, மணிமங்கலம். சாயங்காலம் மலையில் இருக்கிற மாதிரி பார்த்துக்குங்க.

மூன்றாவது: பூந்தமல்லி வரதராஜர், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், புள்ளலூர். பைக் இருந்தால் உத்தமம்.

நான்காவது: பூண்டி, அத்திரம்பாக்கம், குடியம். தண்ணீர் பாட்டில், தொப்பி, துணைக்கு ஆள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், மக்களே. உங்க வீட்டு வாசலில் குண்டூசியைக் குத்தி, சுத்தி முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு மேப் போடுங்க. எந்த ஆறு, எந்த ஏரி, எந்த ரோடு, அதில் யார் நடந்தாங்கன்னு எழுதுங்க. மதுரைக்காரங்க, கோவைக்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, மெல்போர்னில் இருக்கிறவங்க, எல்லாருக்கும்தான். நம்ம பக்கத்தைப் பத்தி நாம எழுதலைன்னா, ரியல் எஸ்டேட் நோட்டீஸ் மட்டும்தான் எழுதும்.